ஒருமுறை எழுதுவோம், ஊருக்கு நேரம் சேர்ப்போம்

சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் 55 இடங்களில் தொடங்கப்பெற்றது. ஊழியர் மக்களிடையே இருந்து பணியாற்ற வேண்டும் என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி. அலுவலக வேலை அதற்குத் துணை நிற்பதேயன்றி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கு உரியதன்று. அன்று ஊழியர்களிடம் இருந்தவை நாட்குறிப்பும் சில பதிவேடுகளுமே. இன்றோ ஊராட்சி செயலர் முதல் ஒன்றிய அலுவலகத்தின் இளநிலை உதவியாளர் வரை அனைவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அலுவலகந்தோறும் கணினி இருக்கிறது. ஆயினும் ஊழியர் கிராமத்தில் செலவிடும் நேரம் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால், ஆம் என்று உடனே விடை கூற இயலவில்லை. சாதனம் வந்துவிட்டது, அதைக் கையாளும் பழக்கம் இன்னும் முழுமையாக வரவில்லை என்பதே இதற்குக் காரணம்.

கணினி என்றவுடன் பெரிய மென்பொருள்களையும் நீண்ட பயிற்சி வகுப்புகளையும் எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. நம்மிடம் இப்போது இருக்கும் எளிய வசதிகளைக் கொண்டே, செலவு ஏதுமின்றி, அன்றாட வேலையைச் செம்மையாகச் செய்யலாம். அதற்குரிய சில முறைகளை இங்கே காண்போம்.

நேரம் கசியும் இரண்டு ஓட்டைகள்

ஓர் அலுவலகத்தில் நேரம் எங்கே வீணாகிறது என்று கூர்ந்து நோக்கினால் இரண்டு ஓட்டைகள் புலப்படும். ஒன்று தேடுதல். மற்றொன்று ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப எழுதுதல்.

சென்ற மாதம் வந்த சுற்றறிக்கை எங்கே, எந்தக் குக்கிராமத்தில் எத்தனை தெருவிளக்குகள் பழுதாக உள்ளன, இந்த மனு யாரிடம் இருக்கிறது என்று தேடுவதில் ஒரு நாளைக்கு 20 நிமிடம் போவதாக வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 வேலை நாட்கள் என்றால் 500 நிமிடங்கள். அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். மாதந்தோறும் ஒரு முழு வேலை நாளைத் தேடுதலே விழுங்கிவிடுகிறது. ஓர் ஊராட்சியைத் தெருத் தெருவாகப் பார்வையிட்டு வருவதற்குப் போதுமான நாள் அது.

திரும்ப எழுதுதலும் இத்தகையதே. குடிநீர்த் தொட்டிகளின் விவரத்தை இன்று ஒரு படிவத்தில் கேட்பார்கள்; அடுத்த வாரம் வேறொரு படிவத்தில் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் ஊராட்சிகளுக்குத் தொலைபேசியில் பேசி, புதிதாகக் கேட்டு, புதிதாகத் தட்டச்சு செய்கிறோம். இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், அதைச் சரிசெய்வதற்கு மூன்றாம் முறையாக அதே வேலையைத் தொடங்குகிறோம்.

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கும் வழி ஒன்றே. எந்தச் செய்தியையும் ஒருமுறை எழுத வேண்டும். ஓரிடத்தில் வைக்க வேண்டும். குறித்த வேளையில் பார்க்க வேண்டும். இக்கட்டுரையில் கூறப்படும் முறைகள் யாவும் இந்த ஒரு விதியின் கிளைகளேயாகும்.

தன்பதிவேடு கற்பிக்கும் பாடம்

இவ்விதி புதியதன்று. சென்னை மாகாண அலுவலகங்களில் வேரூன்றி, இன்றும் நாம் பின்பற்றி வரும் டாட்டன்ஹாம் முறையை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகெலும்பு தன்பதிவேடு. வந்த தாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஓர் இடம். எங்கிருந்து வந்தது, என்று வந்தது, பொருள் யாது, யாருக்கு எழுதப்பட்டது, என்று முடிவுற்றது என்பவை அங்கே பதியப்பெறும். மேலலுவலர் அதைக் குறித்த இடைவெளியில் பார்வையிட்டுக் கையொப்பமிடுவார். ஒரு தாள் எங்கே நிற்கிறது என்பதை அதை எழுதிய உதவியாளர் விடுப்பில் இருந்தாலும் மற்றொருவர் கண்டுகொள்ளலாம்.

கணினி இந்த ஒழுங்குக்கு மாற்றன்று. அதன் கைக்கு வலிமை சேர்ப்பதாகும். தன்பதிவேட்டைச் செவ்வனே எழுதும் அலுவலகத்தில் கணினி ஒரு நல்ல துணையாக அமையும். தன்பதிவேட்டையே எழுதாத அலுவலகத்தில் அது தாள் குவியலுக்குப் பக்கத்தில் மற்றொரு குவியலை உண்டாக்கும், அவ்வளவே.

விரிதாள் என்னும் பதிவேடு

கணினியில் நமக்கு முதன்மையாகப் பயன்படுவது விரிதாள். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் பிராங்க்ஸ்டன் என்னும் இருவர் உருவாக்கிய ‘விசிகால்க்’ என்ற மென்பொருளே இன்றைய விரிதாள்களுக்கு முன்னோடி. இன்று நாம் எக்ஸெல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் என்று பல பெயர்களில் வழங்குபவை யாவும் அதன் வழி வந்தவையே. கோடிட்ட பதிவேட்டுப் பக்கத்தைப் போன்றதே விரிதாள். ஆனால் பதிவேடு செய்ய இயலாத இரண்டு வேலைகளை அது செய்யும். எழுதிய வரிகளை வேண்டிய வரிசையில் மாற்றி அடுக்கும்; வேண்டிய வரிகளை மட்டும் பிரித்துக் காட்டும்.

ஓர் ஊராட்சிக்கு வரும் மனுக்களை எடுத்துக்கொள்வோம். ஒரு விரிதாளில் ஒன்பது பத்திகள் போதும். வரிசை எண், பெற்ற தேதி, மனுதாரர் பெயர், குக்கிராமம், பொருள், யார் பொறுப்பில் உள்ளது, அடுத்த நடவடிக்கை, அதற்குரிய தேதி, முடிந்த தேதி. மனு வந்த அன்றே ஒரு வரி எழுதிவிட வேண்டும். இதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இதன் பயன் மூன்று. முதலாவது, நாள்தோறும் காலையில் ‘அதற்குரிய தேதி’ என்னும் பத்தியை வரிசைப்படுத்தினால், அன்று செய்ய வேண்டிய வேலை தானே மேலே வந்து நிற்கும். இரண்டாவது, ஒரு குக்கிராமத்துக்குப் புறப்படும்போது அந்த ஊரின் பெயரை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், அங்கே நிலுவையில் உள்ள மனுக்கள் யாவும் ஒருங்கே தெரியும். கைப்பம்பு ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில், தெருவிளக்கு பற்றிய மனுவையும் கழிவுநீர்க் கால்வாய் பற்றிய மனுவையும் சேர்த்தே முடித்து வரலாம். மூன்று முறை செல்ல வேண்டிய ஊருக்கு ஒருமுறை சென்றால் போதும். மூன்றாவது பயனே தலையாயது. தொலைவிலுள்ள குக்கிராமத்திலிருந்து பேருந்துக்குச் செலவு செய்து, அன்றைய கூலியையும் இழந்து, தம் மனு என்னவாயிற்று என்று கேட்க வரும் ஒரு முதிய பெண்மணிக்கு, ‘எழுத்தர் வரட்டும், பிறகு வாருங்கள்’ என்று கூற நேராது. எவர் இருக்கையில் இருந்தாலும் ஒரு நிமிடத்தில் விடை கூறலாம். ‘இன்னும் முடியவில்லை’ என்பதே விடையாயினும், எவரிடம் இருக்கிறது, என்று முடியும் என்று தெரிந்து செல்வது அவருக்கு ஓர் ஆறுதல். நமக்கு அது கடமை.

காலக்கெடு உள்ள வேலைகளுக்கு விரிதாள் இன்னும் சிறப்பாக உதவும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்படி விண்ணப்பம் பெற்ற 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் விடையளிக்க வேண்டும். கணினி ஒவ்வொரு தேதியையும் உள்ளுக்குள் ஒரு நாள் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. ஆகையால் பெற்ற தேதியோடு 30 ஐக் கூட்டும்படி ஒரு பத்தியில் கட்டளை கொடுத்துவிட்டால், கெடு நாள் தானே எழுதப்பட்டுவிடும். விரலால் எண்ண வேண்டியதில்லை. 31 நாள் மாதமா, 30 நாள் மாதமா என்று பார்க்க வேண்டியதுமில்லை.

விரிதாள் எழுதுவதில் சில ஒழுங்குகள் உண்டு. நம் அலுவலகங்களில் தேதியைப் புள்ளி வைத்து எழுதுவது வழக்கம். அவ்வாறு எழுதினால் பல கணினிகளில் அது தேதியாகக் கொள்ளப்படாமல் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும்; வரிசைப்படுத்தவும் கூட்டவும் வராது. இடையே சிறு கோடிட்டு எழுதுதல் நலம். ஒரு கட்டத்தில் ஒரு செய்தியே இருக்க வேண்டும். ‘2 விளக்கு பழுது, 1 மாற்றப்பட்டது’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் கணினியால் கூட்ட முடியாது; பழுதுக்கு ஒரு பத்தியும் மாற்றியதற்கு ஒரு பத்தியும் வேண்டும். அழகுக்காகக் கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது. இணைத்தால் வரிசைப்படுத்துதல் தடைப்படும். ஊரின் பெயரை ஓரிடத்தில் ‘மேலத்தெரு’ என்றும் மற்றோரிடத்தில் ‘மேல தெரு’ என்றும் எழுதினால் கணினி அவற்றை இரண்டு ஊர்களாகவே எண்ணும். பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்குமாறு அமைக்கும் வசதி விரிதாளிலேயே உண்டு. அதைப் பயன்படுத்தினால் இக்குழப்பம் வாராது.

கோப்புக்குப் பெயரிடும் முறை

பல கணினிகளின் முகப்பைத் திறந்தால் ‘புதிய கோப்பு’, ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்ற பெயர்களைக் காணலாம். எழுதியவருக்கே ஒரு மாதம் கழித்து எது எது என்று தெரியாது. அவர் மாறுதலாகிச் சென்றுவிட்டால் அடுத்து வருபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எளிய வழி, கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குவது. 2026 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள் எழுதிய குறிப்பு என்றால், ‘2026-02-07’ என்று தொடங்கி, ஊராட்சியின் பெயரையும் பொருளையும் சேர்க்க வேண்டும். இவ்வரிசையில் எழுதினால் கணினி பெயர்களை அடுக்கும்போது அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் ஒன்றாகக் கலந்துவிடும். உலகத் தர அமைப்பு 1988 இல் வெளியிட்ட 8601 என்ற தரமும் இந்த வரிசையையே கூறுகிறது. ந.க. எண் உள்ள கடிதமாயின் அந்த எண்ணையும் பெயரில் சேர்ப்பது மிக நன்று. தாள் கோப்பும் கணினிக் கோப்பும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

தமிழில் எழுதும் கோப்புகளைப் பற்றி ஒரு சொல். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதம், அதே எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க இயலாத குறிகளாகத் தெரியும். அதனினும் பெரிய குறை, ஒருங்குறித் தமிழில் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடினால் அது அந்தக் கோப்பினுள் அகப்படாது என்பது. ஒருங்குறியில் எழுதிய கோப்போ எந்தக் கணினியிலும் எந்தக் கைப்பேசியிலும் ஒன்றுபோலத் தெரியும்; ‘சமுதாயக் கிணறு’ என்று தேடினால் அச்சொல் உள்ள கோப்புகள் கிடைக்கும். தமிழக அரசு ஒருங்குறியை 2010 ஆம் ஆண்டிலேயே ஏற்று ஆணையிட்டுள்ளது. 1999 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான ‘தமிழ் 99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. நாளுக்கு அரை மணி என்று சில வாரம் பழகினால் கை தானே ஓடும். தட்டச்சு வராதவர்கள் வாயால் சொல்லியும் எழுதலாம். 2017 ஆம் ஆண்டு முதல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழிலும் இயங்குகிறது. தணிக்கைக்குச் சென்ற இடத்திலேயே பார்த்தவற்றைச் சொல்லிக் குறித்துக்கொண்டால், மாலையில் நினைவிலிருந்து எழுத வேண்டிய தொல்லை இல்லை. ஆனால் பெயர்களையும் எண்களையும் மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்திவிட வேண்டும்.

செய்திக் குழுக்களை ஆளும் வழி

இன்று அலுவலக நேரத்தை மிகுதியாக உண்பது வாட்ஸ்அப் குழுக்களே எனலாம். ஒன்றியத்துக்கு ஒரு குழு, திட்டத்துக்கு ஒரு குழு, தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு குழு என்று குழுக்கள் பெருகிவிட்டன. காலை வணக்கப் படங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் நடுவே, ‘மோட்டார் எரிந்துவிட்டது, மூன்று தெருவுக்குத் தண்ணீர் இல்லை’ என்ற செய்தி மேலே ஏறிக் கண்ணுக்கு மறைந்துபோகிறது. ஒரு தெருவின் குடிநீர் ஒரு வாழ்த்துப் படத்துக்கு அடியில் புதைந்து கிடப்பது சிறிய குறையன்று.

இதற்கு மூன்று வரம்புகளை ஒவ்வோர் ஒன்றியமும் வகுத்துக்கொள்ளலாம். அவசரமானதைத் தொலைபேசியில் பேச வேண்டும். குழுவில் எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. பதிவாக நிற்க வேண்டியதை மின்னஞ்சலில் அனுப்பி, விரிதாளில் ஏற்ற வேண்டும். யாவரும் அறிய வேண்டிய அறிவிப்பை மட்டும் குழுவில் இட வேண்டும். வாழ்த்துகளுக்கென்று தனிக் குழு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

குழுவைப் பார்ப்பதற்கும் வேளை குறித்துக்கொள்வது நலம். காலை 10 மணி, பகல் 1 மணி, மாலை 4 மணி என்று மூன்று முறை பார்த்தால் போதும். இடையில் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடலாம்; தொலைபேசி அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும். மதிப்பீடு சரிபார்க்கும் வேளையில் பத்து முறை கைப்பேசி ஒலித்தால், பத்து முறையும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கூட்டல் தவறுகள் நேர்வது பெரும்பாலும் இவ்வேளைகளில்தான். குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தால் அன்று மாலைக்குள் அதை எடுத்து உரிய பெயரிட்டுக் கணினியில் சேர்த்துவிட வேண்டும். செய்திக் குழு ஒரு தபால்காரர். அவர் பையையே அலமாரியாக எண்ணக் கூடாது.

பணியிடப் படங்களை அனுப்புவதிலும் ஒரு நுட்பம் உண்டு. வழக்கமான முறையில் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். எடுத்த இடத்தையும் நேரத்தையும் குறித்து அதனுள் பதிந்துள்ள விவரமும் நீங்கிவிடும். ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால் எடுத்த படம் எடுத்தவாறே வந்து சேரும்.

தொலைபேசி எண்களைப் பதிவதிலும் ஒழுங்கு வேண்டும். தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர், மின் பணியாளர் ஆகியோரை அவர்கள் பெயரால் மட்டும் பதிந்தால், அவசர வேளையில் பெயர் நினைவுக்கு வாராது. ஊரின் பெயரை முதலிலும், பணியை அடுத்தும், பெயரைக் கடைசியிலும் எழுதிப் பதிந்தால், ஊரைத் தட்டியவுடன் அங்குள்ளவர்கள் யாவரும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

நாட்காட்டியை நினைவாளர் ஆக்குதல்

நினைவு என்பது மனிதனுக்கு வரையறுக்கப்பட்டது. நூறு சிறு தேதிகளை மனத்தில் சுமந்துகொண்டு ஒருவர் அமைதியாக வேலை செய்ய இயலாது. கைப்பேசியிலுள்ள நாட்காட்டி அச்சுமையை ஏற்றுக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு நான்கு என்று இருந்ததை 2022 ஆம் ஆண்டில் ஆறாக உயர்த்தினார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்த நாட்கள். இந்த ஆறையும் நாட்காட்டியில் ஒருமுறை எழுதி, ‘ஆண்டுதோறும்’ என்று குறித்துவிட்டு, 15 நாட்களுக்கு முன் ஒரு நினைவூட்டலும் 8 நாட்களுக்கு முன் மற்றொன்றும் அமைத்தால், அறிவிப்பு வெளியிடுவதும் வரவு செலவு விவரம் தயாரிப்பதும் கடைசி இரவுக்குத் தள்ளப்பட மாட்டா. நடக்க வேண்டிய நாளுக்கு நினைவூட்டல் வைப்பதை விட, ஆயத்தம் தொடங்க வேண்டிய நாளுக்கு வைப்பதே பயன் தரும்.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளை மாதம் இருமுறை சுத்தம் செய்யும் நாட்கள், குளோரின் அளவு பார்க்கும் வேளை, மின் கட்டணம் செலுத்தும் நாள், தீயணைப்புக் கருவியைச் சோதிக்கும் நாள் ஆகியவற்றையும் இவ்வாறே குறிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்தின்படி, குளோரின் கலந்து வழங்கும் நீரில், குழாய் முனையில், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சிய குளோரின் இருத்தல் வேண்டும். தொட்டியில் எவ்வளவு போட்டோம் என்பதோடு நில்லாமல், கடைசிக் குழாயில் எவ்வளவு மிஞ்சியது என்பதையும் தேதியோடு விரிதாளில் எழுதி வந்தால், எந்தத் தெருவில் குழாய் கசிந்து கழிவுநீர் கலக்கிறது என்ற ஐயம் நோய் பரவும் முன்னரே எழும். ஒரு வரி எழுதும் பழக்கம் சிலவேளை ஒரு குழந்தையை வயிற்றுப்போக்கிலிருந்து காக்கக்கூடும்.

காவலும் கவனமும்

கணினியில் சேர்த்தது கண்ணுக்குத் தெரியாததாகையால் அது அழிவதும் தெரியாது. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஊராட்சிக் கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, ஒன்றிய அலுவலகத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாடறியும். அத்தகைய வெள்ளம் அலுவலகத்தினுள் புகுந்தால் பதிவேடு, கணினி என்ற வேறுபாடு அதற்கு இல்லை. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கிப் பிரதி எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எடுத்த பிரதி திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்தும் பார்க்க வேண்டும்.

மின்னணுக் கையொப்பம் 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் சட்ட மதிப்புப் பெற்றது. மை ஊற்றி இட்ட கையெழுத்துக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு இதற்கும் உண்டு. கையொப்பச் சாதனத்தையும் அதன் இரகசிய எண்ணையும் வேறொருவரிடம் ஒப்படைத்து, ‘பணப் பட்டியலைப் போட்டு முடித்துவிடுங்கள்’ என்று கூறுவது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஊராட்சித் தலைவராயினும் தனி அலுவலராயினும் இதில் வேறுபாடில்லை. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை எவர் கேட்டாலும், மேலிடத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், கூறக் கூடாது. இணையவழியில் பணம் பறிபோய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

பயனாளிகளின் ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் படமெடுத்து நூறு பேர் உள்ள குழுவில் இடும் பழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். தனிநபர் தரவுகளைக் காக்க 2023 ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, வீடு வேண்டி மனுச் செய்த ஏழை நம்மை நம்பிக் கொடுத்த தாள் அது. அந்த நம்பிக்கையே கிராமப் பணியின் மூலதனம்.

கருவியால் ஆகாதது

இவ்வளவு கூறிய பின், கருவியால் எது ஆகாது என்பதையும் கூற வேண்டும். எழுதுவது உண்மையா என்பதைக் கருவி பார்ப்பதில்லை.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தொழிலாளர் வருகையைப் படத்தோடு கைப்பேசியில் பதியும் செயலி 2021 ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக, எல்லாப் பணியிடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. போலிப் பெயர்கள் ஒழியும் என்பது நோக்கம். ஆனால் 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு விடுத்த சுற்றறிக்கையில், பணிக்குத் தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், நேரில் எடுக்காமல் ஒரு படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவதையும் சுட்டிக்காட்டி, படங்களைச் சரிபார்க்குமாறு பணித்தது. கருவி வந்த இடத்திலும் கள்ளம் நுழைய வழி கண்டது. அதைத் தடுக்க இறுதியில் மனிதக் கண்ணே வேண்டியிருந்தது. இதனால் இழப்பு யாருக்கு? வெயிலில் நின்று மண் வெட்டிய தொழிலாளருக்கே. பொய்ப் பதிவு ஒன்று ஏறினால், மெய்ப் பதிவுகளும் ஐயத்துக்கு ஆளாகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி கணினித் திரைக்கும் பொருந்தும்.

ஆகவே விரிதாளில் ‘முடிந்தது’ என்று எழுதுமுன், அந்தத் தெருவிளக்கு எரிகிறதா என்று ஒருவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும். முடியாததை முடியாதது என்றே எழுதும் துணிவு ஊழியருக்கு வேண்டும். அவ்வாறு எழுதியவரைக் கடிந்துகொள்ளாத பண்பு மேலலுவலருக்கு வேண்டும். நிலுவையைக் காட்டும் அட்டவணையே உண்மையான அட்டவணை. எல்லாம் முடிந்துவிட்டதாகக் காட்டும் அட்டவணையைக் கண்டால் ஊருக்குச் சென்று பார்ப்பதே முறை.

எங்கே தொடங்குவது

இவை அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க முற்பட்டால் ஒரு வாரத்தில் களைப்படைந்து கைவிட நேரும். முதல் மாதம் மனுக்களுக்கான ஒரு விரிதாளை மட்டும் தொடங்கலாம். நாள்தோறும் காலை பத்து நிமிடம் அதைப் பார்ப்பதும், மாலை பத்து நிமிடம் அன்றைய வரிகளை நிறைவு செய்வதும் பழக்கமாகட்டும். இரண்டாம் மாதம் கோப்புகளுக்குப் பெயரிடும் முறையையும் நாட்காட்டியையும் சேர்க்கலாம். மூன்றாம் மாதம் செய்திக் குழுக்களுக்கு வரம்பு கட்டலாம். மேலே கூறிய வெள்ளிக்கிழமைப் பிரதி மட்டும் முதல் வாரத்திலிருந்தே நடக்க வேண்டும்.

புதிய விரிதாள் ஒன்றைத் தொடங்கும்போது, அதனால் எந்தப் பழைய வேலை நீங்குகிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். விதிகள் கட்டாயமாக்கிய பதிவேடுகளை எவரும் நிறுத்த இயலாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் பழக்கத்தினால் மட்டுமே எழுதிவரும் துண்டுக் குறிப்பேடுகள் அலுவலகந்தோறும் சில உண்டு. அவற்றை நிறுத்தலாம். ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் ஏறும் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளம் 2020 ஏப்ரல் 24 இல் தொடங்கப்பெற்றது. அத்தகைய தளத்தில் ஏற்கனவே உள்ள விவரத்தை மீண்டும் ஊராட்சியைக் கேட்காமல், அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை ஒன்றிய அலுவலகங்களும் மேற்கொள்ள வேண்டும். கேட்பவர் ஒருமுறை கேட்டால்தான் எழுதுபவர் ஒருமுறை எழுத இயலும்.

இவ்வாறு மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது என்பதே கடைசிக் கேள்வி. அதை மற்றோர் அறிக்கை எழுதச் செலவிட்டால் பட்ட பாடு வீண். அலுவலகத்தில் மிச்சப்படும் ஒவ்வொரு மணியும் கிராமத்துக்குச் சேர வேண்டிய கடன். வாரத்தில் அரை நாள் மிச்சமானால் அந்த அரை நாளையும் சுற்றுப்பயணக் குறிப்பில் முன்கூட்டியே எழுதி, எந்தக் குக்கிராமத்துக்கு நெடுநாளாக யாரும் செல்லவில்லையோ அங்கே முதலில் செல்வோமாக. எந்தக் குக்கிராமம் அது என்பதை விரிதாளின் தேதிப் பத்தியே காட்டும்.